மூன்று இறகும் முதல் தீர்மானமும்

லாக்லன் மக்டோரன் என்று ஒருவர் இருப்பது அவருக்கே அடிக்கடி மறந்துபோகும். கனடாவின் கேப் பிரெட்டனில் எங்கள் கரைப்பக்கம் யாரையும் குலப்பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. ஒரே பெயரில் தேவாலயம் நிறைய ஆள் இருக்கிற ஊரில், அப்பன் பெயரையும் தாத்தன் பெயரையும் ஒட்டவைத்தால்தான் ஆள் பிடிபடும். ஆகவே அவர் எல்லோருக்கும் லாக்கி டான் ரோரி. ரோரிக்குப் பிறந்த டானுக்குப் பிறந்த லாக்கி. மக்டோரன் என்ற பெயரைப் பயன்படுத்தியது மின்சாரக் கம்பெனி ஒன்றுதான். அதுவும் பணம் கேட்க.

ஒரு பனிக்காலத்தில் அவருடைய பெரியப்பா மகன் ஹெக்டர் செத்துப்போனார். அடக்கம் முடிந்து சூப் குடித்துக்கொண்டிருக்கையில்தான் லாக்கிக்கு உறைத்தது: கரையில் மிச்சமிருக்கும் மக்டோரன் தான் ஒருவர்தான். அவருக்கு மூன்று பெண்கள். மூவரும் புருஷன் பெயரைச் சூட்டிக்கொண்டு ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்றோரம் குடியேறிவிட்டார்கள். தானும் போய்விட்டால் அந்தப் பெயருக்கு மின்சாரக் கம்பெனிகூட எழுதாது.

இதை மனைவி எஃபியிடம் சொன்னார்.

"போனா போகட்டும்," என்றாள் எஃபி. "அந்தப் பேரால இந்த வீட்டுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வந்திருக்கா?"

"உருளைக்கிழங்கு இல்லடி. இது பரம்பரை."

"உங்க பரம்பரை எனக்குத் தெரியாதா? ஸ்காட்லாந்துல அந்தப் பெரிய சண்டை நடந்தப்போ மறுநாள் போய்ச் சேர்ந்த கூட்டம்தானே?"

அது உண்மை. போருக்கு வந்த குலங்களில் பாதி அழிந்தது. மக்டோரன்கள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பினார்கள். "பின்வாங்கோம்" என்பது அவர்கள் குலச்சொல். முன்னே போய்ச் சேர்ந்தால்தானே பின்வாங்க.

ஆனாலும் லாக்கிக்கு மனம் ஆறவில்லை. தன் பெயர் எங்காவது ஓரிடத்தில், தான் போன பிறகும், அழியாமல் இருக்கவேண்டும் என்று ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. டாக்டர் வீட்டு வரவேற்பறையில் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது மக்டோரன் குலச் சங்கம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அதன் பதிவேட்டில் ஏறிய பெயரை எக்காரணம் கொண்டும் அடிப்பதில்லையாம். அட்டையில் ஏதோ வேறொரு குலத்துக் கனவான், தொப்பியில் மூன்று இறகு செருகி, வயிற்றுவலிக்காரர் மாதிரி நின்றிருந்தார். லாக்கி அட்டையைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜனவரியிலேயே விண்ணப்பம் போட்டார்.

ஜூலை வரை பதில் வரவில்லை.

"பதில் வரலன்னா சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்," என்றார்.

"நீ என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டப்பவும் நான் பதில் சொல்லல. அடுத்த வாரம் பாதிரியாரோட வந்து நின்ன," என்றாள் எஃபி. "அதே புத்தி."

இருந்தாலும் ஸ்காட்லாந்துக் குலங்கள் கூடும் மலைநாட்டு விளையாட்டு விழாவுக்கு அவரைக் கிளப்பியவள் அவள்தான். சங்கத்தின் கட்டம்போட்ட துணி சிவப்பா பச்சையா என்று தெரியாததால், இரண்டும் இல்லாமல் ஒரு பழுப்புக் கம்பளித் துணியில் ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் முழங்கால் பாவாடையான கில்ட் தைத்தாள். உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்ற லாக்கி, தன் முழங்கால்களைப் பல வருஷங்களுக்குப் பிறகு வெளிச்சத்தில் பார்த்து, "இவங்க ரெண்டு பேரும் இன்னும் நம்ம வீட்லதான் இருக்காங்களா?" என்றார்.

இறகுக்கு அலையவேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டில் கர்னல் என்றொரு ஆண் வாத்து இருந்தது. நீண்ட கழுத்துக்காரன். தபால்காரர், கால்நடை டாக்டர், ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் என்று பலரை வேலிக்கு அந்தப்புறம் துரத்திவிட்டு, கடைசியில் கிறிஸ்துமஸுக்கு அடுப்பேறியது. அதன் சிறகு இறகுகளை எஃபி எடுத்து வைத்திருந்தாள். அடுப்புக் கரியைத் தேய்த்ததும் கழுகு இறகு தோற்றுவிடும்.

முதலில் ஒன்றைச் செருகிப் பார்த்தாள். "பிச்சைக்காரன் மாதிரி இருக்கு." இரண்டைச் செருகினாள். "முயல் காது." மூன்றாவதையும் செருகி, பத்திரிகை அட்டையைப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்த்தாள். "இப்போ சரி. அந்தாளுக்கு வயித்துவலி, உனக்கு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

விழா மைதானத்தில் குலத்துக்கொரு கூடாரம். மக்டோரனுக்கு மட்டும் இரண்டு. ஒன்றில் சிவப்புக் கட்டம், மற்றதில் பச்சைக் கட்டம். நடுவில் யாரோ கயிறு கட்டியிருந்தார்கள். லாக்கி எதற்குள் போவது என்று யோசித்து, சிவப்புக் கூடாரத்தில் வெண்ணெய் பிஸ்கட் தெரிந்ததால் அதற்குள் நுழைந்தார். நாற்காலிகள் தள்ளப்பட்டன. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள்.

'புது உறுப்பினருக்கு என்ன மரியாதை!' என்று லாக்கி நினைத்துக்கொண்டார்.

டொராண்டோவிலிருந்து வந்த அலஸ்டர் என்ற பல் மருத்துவர்தான் சிவப்புக்குத் தலைமை. அவர் முகம் வெளிறியிருந்தது. "உக்காருங்க, உக்காருங்க," என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். கையில் விஸ்கி வந்தது. பிஸ்கட் தட்டு மடியிலேயே வந்து இறங்கியது. இதற்குள் கயிற்றைத் தாண்டி, பச்சைக் கூடாரத்துத் தலைவி முரியல் ஓடிவந்தாள். ஹாலிஃபாக்ஸில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நடையில் இன்னும் மணியடித்தது.

"அய்யா, எங்க பக்கமும் ஒரு தடவை வந்துட்டுப் போகணும்," என்றாள்.

"அங்க பிஸ்கட் இருக்கா?"

"ஓட்ஸ் ரொட்டி இருக்கு. பாலாடைக்கட்டியும் இருக்கு."

"அப்போ வரேன்."

அந்த ஒரு வார்த்தையில் அலஸ்டர் பாதி உடைந்துபோனார்.

லாக்கிக்குத் தெரியாத கதை இது. மக்டோரன் குலத்துக்குத் தலைவர் கிடையாது. கடைசித் தலைவர் இருநூறு வருஷத்துக்கு முன் ஹெர்ரிங் மீன் முள் தொண்டையில் சிக்கி, வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்துக்குத் தனக்கே உரிமை என்று அலஸ்டர் பாதி ஆயுளாகத் தாள் சேர்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரை உட்காரவைப்பதைவிட நாற்காலி காலியாகவே இருக்கட்டும் என்பது முரியலின் கட்சி. அதில் சங்கம் இரண்டாகப் பிளந்து, கட்டத்தின் நிறமும் பிளந்து, பழைய பதிவேட்டை இரட்டைப் பூட்டுப் பெட்டியில் போட்டு, ஆளுக்கொரு சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தபால் பெட்டியும் வழக்கில் இருந்தது. அதற்குள்தான் லாக்கியின் விண்ணப்பமும் கிடந்தது. பிளவுக்குப் பிறகு புதிதாக ஒருத்தரையும் யாராலும் சேர்க்க முடியவில்லை.

இறகு விஷயம்தான் எல்லாவற்றுக்கும் மேல். சாதாரண உறுப்பினர் இறகே வைக்கக்கூடாது. மூன்று இறகு குலத்தலைவருக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு வந்து நிற்பவரிடம் "அத்தாட்சி எங்கே?" என்று கேட்பது, சாப்பிட உட்கார்ந்தவனின் தட்டைப் பிடுங்குவதைவிடக் கேவலம். அதனால் ஒருவரும் கேட்கவில்லை. எடின்பரோவிலிருந்து முரியல் வரவழைத்த ஆள் என்று அலஸ்டர் பயந்தார். அலஸ்டருக்கு எதிராகக் கடவுளே அனுப்பிய ஆள் என்று முரியல் நம்பினாள். பழுப்புக் கில்டைப் பார்த்து, சிவப்பும் பச்சையும் பிரிவதற்கு முந்திய ஆதிக்கட்டம் அது என்று இரு தரப்பும் முணுமுணுத்தன.

"தங்கள் பொறுப்புல எவ்வளவு தூரம் இருக்கு?" என்று முரியல் பணிவாகக் கேட்டாள்.

"இந்தக் கரையிலேர்ந்து எதிர்க்கரை வரைக்கும்," என்றார் லாக்கி. ஓய்வு பெறும்வரை அவர் ஓட்டியது கடற்கழியில் ஆள் ஏற்றிக் கரை சேர்க்கும் படகு. "ஒரு தடவை பாருங்க, கண்ணு தெரியாத மூடுபனி. சுத்திச் சுத்தி, கிளம்பின கரைக்கே எல்லாரையும் கொண்டுவந்து இறக்கிட்டேன். நன்றி சொல்லிட்டுத்தான் எறங்கிப் போனாங்க. அதுல ஒருத்தர் எதிர்க்கரையில வீடு வாங்க வந்தவர். இங்கயே வாங்கிட்டார். இன்னிக்கு வரைக்கும் அவர்கிட்ட யாரும் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. முரியல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரியவங்க பேச்சுல எப்பவும் ஒரு பொருள் இருக்கும்," என்றாள் அலஸ்டரைப் பார்த்து.

எஃபி லாக்கியின் காதருகே குனிந்தாள். "இவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"புதுசா சேந்தவங்கன்னா இப்படித்தான் போலிருக்கு. நீ சாப்பிடு."

குலங்களின் ஊர்வலத்துக்கு முன்னால் அவரை மேடைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த மக்கர்வி குலத்தின் தலைவி உட்கார்ந்திருந்தாள். எண்பது தாண்டிய ஒல்லிக் கிழவி. அவள் தொப்பியிலும் மூன்று இறகு.

"மக்டோரனுக்குத் தலைவர் வந்தாச்சா? சொல்லவேயில்லையே!" என்றாள். "எப்போ பட்டம் கட்டுனாங்க?"

"எனக்கா? படகோட்ட லைசென்ஸ்தான் குடுத்தாங்க. அதுவும் காலாவதி ஆயிடுச்சு."

"அப்போ தலையில மூணு?"

"அது என் பொண்டாட்டி வச்சது. ரெண்டு வச்சா முயல் மாதிரி இருக்குன்னா."

கிழவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் இறகின் கணக்கை விளக்கிச் சொன்னாள். மடியில் இறங்கிய பிஸ்கட்டுக்கும், நாற்காலிக்கும், முரியலின் கண்ணீருக்கும் அப்போதுதான் லாக்கிக்குக் காரணம் புரிந்தது.

"இப்பவே எடுத்துடுங்க," என்றாள் கிழவி. "எடுத்துட்டுப் பின்வரிசைல போய் நின்னுக்கலாம். நான் ஒண்ணும் பாக்கல."

லாக்கி தொப்பியில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்து வருவது... இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, தங்கள் தலைவர் முன்னே நடக்க... மக்டோரன் குலம்!"

அந்தப் பெயர் கடைசியாகச் சத்தமாக ஒலித்தது, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க அடுத்த ஆளைக் கூப்பிட்டபோது. இப்போது அது மைதானத்தின் அந்தக் கோடியில் மோதித் திரும்பி வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். பேக்பைப் குழல்கள் இரைந்தன.

தொப்பியில் வைத்த கையை லாக்கி கீழே இறக்கிக்கொண்டார். உண்மையை ஊர்வலத்துக்குப் பிறகும் சொல்லலாம். ஊர்வலத்தை உண்மைக்குப் பிறகு நடத்த முடியாது.

நடந்தார். அவருக்குப் பின்னால், தலைவரை விட்டுவிட்டுத் தனியாகப் போக இரு தரப்புக்கும் துணிவில்லாததால், சிவப்பும் பச்சையும் ஒரே வரிசையில், முழங்கையால் இடித்துக்கொண்டு நடந்தன. நடுப்பாதையில் லாக்கியின் ஒரு காலுறை வழிந்து கணுக்காலில் உட்கார்ந்தது. அதைப் பார்த்த அலஸ்டர் தன்னுடையதையும் இறக்கிவிட்டுக்கொண்டார். மைதானத்தின் கடைசி வளைவுக்குள் குலம் முழுவதும் ஒரு காலுறை இறங்கி நடந்தது.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எஃபியைக் கூட்டிக்கொண்டு வண்டியேறிவிடலாம் என்பது அவருடைய திட்டம். விஸ்கி இன்னொன்று வந்தது. சரி, இதற்குப் பிறகு என்று நினைத்தார். அதற்குள் அலஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். கையில் ஒரு தடித்த தாள்கட்டு.

"இது என் பாதி ஆயுசு," என்றார். "எனக்குத்தான் அந்த இடம்னு நிரூபிக்கச் சேத்தது. இனிமே வேணாம். நீங்க நடந்த நடையைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு."

சொல்லிவிட்டு, வாத ரோகம் பிடித்த முழங்காலை மடக்கி, ஈரப்புல்லில் மண்டியிட்டார்.

லாக்கி தன்னைப் பற்றி உயர்வாக நினைத்த மனிதர் அல்ல. படகில் பல பேரை ஏமாற்றியிருக்கிறார், சீட்டாட்டத்தில் எஃபியை இன்றும் ஏமாற்றுகிறார். ஆனால் கிழட்டு முழங்காலின் வலி அவருக்குத் தெரியும். அதை ஒரு வாத்துக்காக மடக்கவிட அவரால் முடியவில்லை.

"எந்திரி அலஸ்டர்," என்றார். "நான் தலைவனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. படகோட்டி. இது கர்னலோட இறகு."

"எந்தக் கர்னல்?" என்று முரியல் ஆவலாகக் கேட்டாள்.

"எங்க வீட்டு வாத்து."

அலஸ்டர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?" என்று முரியல் தலைமை ஆசிரியைக் குரலில் கேட்டாள். "ஊர்வலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"கொஞ்சம் முன்னாடி."

"தெரிஞ்சுதான் நடந்தீங்க?"

"தெரிஞ்சுதான் நடந்தேன். என் பேரை மைக்குல கூப்பிட்டாங்க. காலு தானா போயிடுச்சு."

அதன்பிறகு கிளம்பிய கூச்சலை விவரிக்க வேண்டியதில்லை. விசேஷம் என்னவென்றால், சிவப்பும் பச்சையும் ஒரே வார்த்தைகளைக் கத்தின. பிளவுக்குப் பிறகு முரியலும் அலஸ்டரும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று ஒரே ஆளைத் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கியபோது மற்றவர் விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

"தூக்கிப் போடணும் இந்தாளை!" என்றார் அலஸ்டர்.

"சங்கத்தை விட்டே நீக்கணும்!" என்றாள் முரியல். "என்ன தைரியம்யா உனக்கு!"

"இப்பத்தான் நீ சரியா பேசுற, முரியல்."

"நான் எப்பவும் சரியாத்தான் பேசுவேன். நீ இப்பத்தான் கேக்குற."

சிவப்புப் பக்கத்திலிருந்து ஒரு வக்கீல் தொண்டையைச் செருமினார். "ஒரு சிக்கல் இருக்கு. இவர் உறுப்பினரே இல்ல. உறுப்பினர் இல்லாதவரை எப்படி நீக்குறது?"

எல்லோரும் யோசித்தார்கள்.

"போலீஸ்ல சொல்லலாம்," என்றது ஒரு குரல்.

"என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள் எஃபி, ஓட்ஸ் ரொட்டியை மென்றபடி. "வாத்து இறகுக்காரன் நடந்து போனான், நாங்க பின்னாடியே போனோம்னா?"

"அப்படியே விட்டுட முடியாது," என்றார் அலஸ்டர். "நாளைக்கு எவன் வேணா கோழி இறகோட வருவான்."

"அப்போ ஒரே வழிதான்," என்றார் வக்கீல். "முதல்ல சேக்கணும். அப்புறம் நீக்கணும்."

சேர்க்கவேண்டுமானால் பதிவேடு வேண்டும். பதிவேட்டுக்குப் பெட்டியைத் திறக்கவேண்டும். பெட்டியை ஒவ்வொரு விழாவுக்கும் எடுத்துவந்து கயிற்றின் மேலேயே வைப்பார்கள், இந்தப்புறமும் அந்தப்புறமும் சாயாமல். அலஸ்டர் சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்தார். முரியல் கைப்பையைக் கிளறினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்து ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். உள்ளே பதிவேட்டோடு, பிளவுக்கு முந்திய விருந்தில் மிஞ்சிய பாதிப் புட்டி விஸ்கியும் இருந்தது. அது நல்ல சகுனம் என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

தனித்தனிச் சங்கமாகச் சேர்த்தால் தனித்தனியாகத்தான் நீக்கவேண்டும், அது நமக்குத்தான் அவமானம் என்று வக்கீல் சொன்னார். அதனால், ஒரு மனிதரை ஒழுங்காக நீக்கும் பொருட்டு இரண்டு சங்கங்களும் அங்கேயே, நின்ற நிலையில், ஒன்றாயின.

"முழுப்பேரு என்ன?" என்று முரியல் பேனாவைத் திறந்தாள்.

"லாக்லன் மக்டோரன்," என்றார் லாக்கி. பிறகு தயங்கினார். "நீக்குறதே நீக்குறீங்க, டானோட மகன், ரோரியோட பேரன்னும் சேத்துக்குங்க. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். வேற லாக்கியை நீக்கிட்டீங்கன்னு நாளைக்கு வழக்கு வரக்கூடாது பாருங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. முரியல் முத்துமுத்தாக எழுதினாள். மை காயக் காத்திருந்தார்கள். பிறகு அவரை நீக்கும் தீர்மானத்தை அலஸ்டர் முன்மொழிய, முரியல் வழிமொழிந்தாள். கைகள் உயர்ந்தன. வக்கீல் எண்ணிக்கொண்டே வந்து லாக்கியிடம் நின்றார்.

"நீங்களும் இப்போ உறுப்பினர். உங்களுக்கும் ஓட்டு இருக்கு."

லாக்கி கையைத் தூக்கினார். ஏகமனதாக நிறைவேறியது.

"நம்ம கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு பேரு ஒத்துக்கல," என்றாள் எஃபி.

பெயரை அடிக்க வழியில்லை, விதி இடம் கொடுக்காது. அதனால் பெயருக்குப் பக்கத்தில், 'தன்னைத் தலைவராகக் காட்டி மைதானத்தை வலம் வந்ததற்காக நீக்கப்பட்டார்' என்று குறித்தார்கள். லாக்கி குனிந்து படித்துப் பார்த்தார். அவர் அப்பனும் தாத்தனும் அதே வரியில் இருந்தார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் மகனைப் பெல்ட்டால் விளாசியிருப்பார்கள். ஆனாலும் அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. இன்று மக்டோரன் குலச் சங்கத்துக்கு ஒரே கூடாரம். ஒன்றான சங்கத்தின் முதல் தீர்மானம் என்பதால், ஆண்டுக் கூட்டம் தொடங்கும்போதெல்லாம் அதை எழுந்து நின்று வாசிக்கவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். தலைவராக வர ஆசைப்பட்டவர்களின் பெயரையோ, நன்கொடை கொடுத்தவர்களின் பெயரையோ யாரும் வாசிப்பதில்லை.

நீக்கப்பட்டவர் கூடாரத்துக்குள் வரக்கூடாது. ஆகவே லாக்கி ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, வெளியே, துணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அலஸ்டர் துணியின் அடியில் ஒரு தட்டில் பிஸ்கட்டைத் தள்ளிவிடுவார், தெரியாத மாதிரி. இந்த வருஷம் முரியல் எழுந்து, மணியடிக்கும் குரலில் வாசித்தாள்: டானின் மகன், ரோரியின் பேரன், லாக்லன் மக்டோரன்.

"கேட்டுச்சா?" என்றாள் எஃபி.

"சரியா கேக்கல," என்றார் லாக்கி. "இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லு."

எஃபி துணியை விலக்கித் தலையை நீட்டிச் சொன்னாள். உள்ளே நாற்காலிகள் மறுபடி சரசரத்தன. குலம் முழுவதும் மறுபடி எழுந்து நின்றது.